ரப்பரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் மாஸ்டர்

மாஸ்டரின் பெயரையும் முகவரியையும் இங்கே எழுதப்போவதில்லை. அவரே வேண்டாம் என்றுவிட்டார். "எட்டு ஸ்டூல்தாம்மா இருக்கு. ஒன்பதாவது ஆளை எங்கே உட்கார வைக்கிறது?" என்றார். இருந்தாலும் பதினொரு மாதமாகப் போய்வரும் ஒரு வகுப்பைப் பற்றி நாலு வார்த்தை எழுதாமல் இருக்க மனசு வரவில்லை. ஓவிய வகுப்பு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு எதைப் பார்த்துச் சேர்வது என்பதற்காவது இது உதவலாம்.

எனக்கு வயது 52, தொழில் கணக்குத் தணிக்கை. கடைசியாகப் படம் வரைந்தது எட்டாம் வகுப்பில், ஒரு பூச்சாடி. பத்துக்கு நாலு மார்க்.

இதற்கு முன் வேறொரு வகுப்புக்கு ஆறு மாதம் போனேன். பெயர் வேண்டாம். அங்கே ஆசிரியர் முன்னால் நின்று வரைவார், நாங்கள் ஒவ்வொரு தீற்றலாக அவரைப் பார்த்து இழுப்போம். அந்திச் சூரியன், படகு, அருவி, மறுபடியும் அந்திச் சூரியன். நாம் எங்காவது சொதப்பினால் வந்து நம் கையிலிருந்து பிரஷை வாங்கி, நாலே இழுப்பில் சரிசெய்துவிட்டுப் போவார். ஆறு மாதத்தில் பதினொரு படம், எல்லாவற்றுக்கும் சட்டம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அசந்துபோனார்கள். ஒரு நாள் மதியம் சும்மா இருக்கிறோமே என்று மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பை வரைய உட்கார்ந்தேன். வாய் வட்டம்கூட வரவில்லை. ஏட்டில் சரக்கு இருக்கிறது, கிடங்கைத் திறந்தால் காலி. என் தொழிலில் இதற்கு வேறு பெயர் உண்டு.

அப்புறம்தான் இந்த மாஸ்டர். வயது 74. இளவயதில் விளம்பரப் பலகை எழுதியிருக்கிறார். பிறகு 31 வருஷம் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். ஓய்வு பெற்று 16 வருஷமாக வீட்டு மாடியில் வகுப்பு. வாரத்துக்கு ஒரு நாள், மூன்று மணி நேரம். எட்டு பேர்.

மாடி வாசலில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. முதல் நாள் உள்ளே நுழையும்போதே கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண், "ரப்பர், மேடம்" என்றாள். புதிதாக வாங்கிய ரப்பர், உறைகூடப் பிரிக்கவில்லை. டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். உள்ளே நூறுக்கு மேல் இருக்கும். பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பிடுங்கியவை. சிலவற்றில் பேனாவால் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் எழுதியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கலாம்.

ஏன் ரப்பர் கூடாது? தப்பான கோட்டை அழித்துவிட்டால் சரியான கோட்டை எதற்குப் பக்கத்தில் போடுவது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர் கட்சி. தப்பு அங்கேயே கிடக்கட்டும், அதிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று பார்த்து அடுத்ததைப் போடு என்பார். கணக்கேட்டில் பிழையைச் சுரண்டி அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே சரியான தொகையை எழுத வேண்டும் என்று முப்பது வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது உடனே புரிந்தது. கை கேட்க ஒரு மாதம் ஆனது.

முதல் ஆறு வாரம் ஒரு முட்டை. வெள்ளைத் துணிமேல் வெள்ளை முட்டை, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. 6பி பென்சில், மெதுவான கறுப்பு முனை. கோடு போடக் கூடாது, ஷேடிங் மட்டும்தான். இதிலென்ன இருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். முட்டையின் விளக்குப் பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு என்று பூசிக் கொடுத்தேன். பார்த்தார். "விளிம்பைப் பாருங்கம்மா, அங்கேயா ரொம்ப இருட்டா இருக்கு?" என்றார்.

பார்த்தால் இல்லை. இருட்டு விளிம்புக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. விளிம்பு ஓரமாக மெலிதாக ஒரு வெளிச்சம். துணிமேல் விழுந்த விளக்கொளி திரும்பி எழுந்து முட்டையின் அடிவயிற்றில் படுகிறது. மொத்தப் படத்திலும் அதிக இருட்டு முட்டையில் இல்லவே இல்லை, முட்டை துணியைத் தொடும் இடத்தில் மயிரிழை அகலத்துக்கு இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. நான் வெள்ளை வெள்ளை என்று விட்டுவைத்திருந்த, துணியில் முட்டையின் நிழல் விழுந்த இடம், வெளிச்சம் பட்ட துணியைவிட நாலு படி கறுப்பு. இரண்டுக்கும் பெயர் வெள்ளை என்பதால் கண் இரண்டையும் ஒன்றாகவே வாசித்துவிட்டது. "கண்ணைச் சுருக்கிப் பாருங்க" என்பதுதான் அவர் சொல்லும் ஒரே வித்தை. சுருக்கினால் விவரங்கள் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் பெரிய பெரிய துண்டுகளாகத் தெரியும்.

மூன்றாம் வாரம் முட்டை கெட்டு நாறிவிட்டது. வேறு முட்டை வைத்தார். சரி, அதே இடத்திலிருந்து தொடரலாம் என்று பென்சிலை எடுத்தேன். "இது வேற முட்டை. முதல்லேர்ந்து" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இந்த ஆளிடம் இனிப் போவதில்லை என்று சொன்னேன். அடுத்த வாரம் போனேன்.

மாஸ்டர் நம் தாளில் கை வைக்கவே மாட்டார். பதினொரு மாதத்தில் ஒரு தரம்கூட இல்லை. ஏதாவது காட்ட வேண்டுமென்றால் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, நம் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அதில் வரைந்து காட்டுவார். காட்டி முடித்ததும் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். அதைக் கேட்டுப் பார்த்தேன், கொடுக்கவில்லை. "வீட்ல போய் அதைப் பார்த்து வரைவீங்க" என்றார். உண்மைதான், வரைந்திருப்பேன். பழைய வகுப்பின் பதினொரு படங்களும் அன்றைக்கே பரணுக்குப் போயின.

வண்ணம் நாலாம் மாதம்தான். வந்ததும் மூன்றே மூன்று குழாய்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர். கறுப்பு கிடையாது. நீலத்தையும் சியன்னாவையும் கலந்தால் கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சியன்னா அடிப்படையில் ஒரு மங்கிய ஆரஞ்சு, நீலத்துக்கு எதிர் நிறம், அதனால் ஒன்றின் பளிச்சை மற்றொன்று மங்கவைத்துவிடும். நீலம் தூக்கலாகப் போட்டால் மழை மேகச் சாம்பல், சியன்னா தூக்கலாகப் போட்டால் நனைந்த மரப்பட்டை. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுத் தாள் நிறைய 48 சாம்பல் கட்டங்கள் போட்டேன். எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. குழாயிலிருந்து பிதுக்கும் கறுப்பைத் தொட எனக்கு இப்போது கை வருவதில்லை.

குழாயின் முகப்பில் உள்ள பெயரை அவர் மதிப்பதே இல்லை. திருப்பிப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் படிக்கச் சொல்வார். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின், எந்தக் கம்பெனி செய்தாலும் அதே நிறமி. பி.பி.ஆர். 7 என்றால் சியன்னா, அம்பர் போன்ற பழுப்பு மண் நிறமி. பெயரோடு 'ஹியூ' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தால், உள்ளே இருப்பது அந்த நிறமி இல்லை, அதைப்போல் தெரிகிற வேறொன்று. முகப்பில் ஒரு பெயர், உள்ளே வேறு சரக்கு. என் தொழில்காரர்களுக்கு இதெல்லாம் வெல்லக்கட்டி. அல்ட்ராமரினுக்குப் பெரிய கதை உண்டு. ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்து எடுத்துக்கொண்டிருந்த நிறம். அதைச் செயற்கையாகச் செய்து காட்டியதற்காக 1828-இல் பிரான்சில் கிமே என்பவருக்குப் பரிசு கொடுத்தார்கள். அதற்கப்புறம் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடி வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. இதை மாஸ்டர் சொல்லும்போது குரலில் ஒரு வருத்தம் இருக்கும், ஏதோ ராஜகுமாரி துணி துவைக்கப் போனதைப்போல்.

சன்னல் கண்ணாடியில் வரிசையாகத் தாள் பட்டைகள் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணம், பாதியைக் கறுப்பு அட்டை மூடியிருக்கும், ஓரத்தில் தேதி. அட்டையைத் தூக்கினால் வெயில் என்ன செய்திருக்கிறது என்று தெரியும். சியன்னாவும் அல்ட்ராமரினும் அப்படியே இருந்தன. அலிசரின் கிரிம்சன், குறியீடு பி.ஆர். 83, அட்டைக்குக் கீழே மாதுளை முத்து மாதிரி, வெளியே இருந்த பாதி கழுவிவிட்ட மாதிரி. 1868-இல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலில் செய்தபோது சாயத்தொழிலையே புரட்டிப்போட்ட சிவப்பு. தண்ணீர் விட்டு மெலிதாகத் தீட்டினால் வெளிச்சத்துக்குத் தாங்காது. வான்கோ 1888-இல் தீட்டிய படுக்கையறையின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் கடிதத்தில் எழுதியது வெளிர் ஊதா. நீலம் தங்கி, சிவப்பு போய்விட்டது. பரணில் கிடக்கும் என் அந்திச் சூரியன்களில் எந்தச் சிவப்பு இருக்கிறதோ தெரியாது. ஒரு வழியில் நிம்மதி.

அவர் படங்களை முழுசாகப் பார்த்தது ஏழாவது மாதம். அன்றைக்கு மழை, வந்தது நானும் இன்னொருவரும்தான். மாஸ்டர் ஒரு தட்டை அலமாரியைத் திறந்து, இழுப்பறை இழுப்பறையாக வெளியே வைத்தார். ஒவ்வொரு இழுப்பறையும் சில வருஷங்கள். அவர் முன்பக்கத்தைக் காட்ட, நான் பழக்கதோஷத்தில் பின்பக்கத்தைப் புரட்டினேன். ஒவ்வொரு தாளின் முதுகிலும் பென்சிலில் தேதி, தாளின் கனம், வண்ணக் குறியீடுகள், எத்தனை நாள் பிடித்தது, எது சரிவரவில்லை. நாற்பத்தேழு வருஷக் கணக்கு, ஒரு பதிவு விடாமல்.

ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஓவியரிடமிருந்து பிடித்துக்கொண்ட பழக்கமாம். ஆல்பர்ஸ் 1950-இலிருந்து 1976-இல் சாகும் வரை சதுரத்துக்குள் சதுரம் வைத்து ஆயிரத்துக்கும் மேல் வரைந்தவர். எந்த வண்ணம், எந்தக் கம்பெனிக் குழாய் என்று பலகைகளின் பின்னால் எழுதிவைப்பார். அவரும் வாத்தியார்தான். ஆரம்பப் பள்ளியில் தொடங்கி, ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப்பள்ளி, அமெரிக்காவின் பிளாக் மவுன்டன் கல்லூரி, யேல் பல்கலைக்கழகம் என்று போனவர். அந்தச் சதுரங்களைத் தொடங்கும்போது வயது 62. இதைச் சொல்லும்போது மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். 52 வயதில் வந்து சேர்ந்துவிட்டு லேட்டாகிவிட்டது என்று நான் புலம்பியது நினைவிருந்திருக்கும்.

1978, 1980, 1981 வருஷத்துப் படங்களில் நிழல் எல்லாம் பழுப்புக் கறுப்பு. திறமையான கைதான், ஆனால் புகை படிந்த மாதிரி இருக்கிறது. 1983-இல் ஒரு படம். சுண்ணாம்புச் சுவர், கீழே சாத்திவைத்த சைக்கிள். சுவரில் விழுந்த சைக்கிளின் நிழல் நீலம். அதன் பிறகு எந்த இழுப்பறையைத் திறந்தாலும் நிழலில் ஏதாவது ஒரு நிறம், நீலமோ ஊதாவோ பச்சையோ, கறுப்பு மட்டும் இல்லை. சைக்கிள் படத்தைத் திருப்பினேன். வழக்கமான தேதி, குறியீடுகளுக்குக் கீழே ஒரு வரி: "7ஆம் வகுப்புப் பையன் சொன்னான். சார், நிழல் கறுப்பு இல்ல சார், நீலமா இருக்கு. போய்ப் பார்த்தேன். இருக்கு."

அதற்கப்புறம் தேடித் தேடிப் புரட்டினேன். இப்படி நிறைய. ஒரு பெண் பிள்ளை தூரத்து மரங்களுக்கு இலையே போடாமல் விட்டது, ஒரு பையன் முகத்தை வரையாமல் காதை மட்டும் பெரிதாக வரைந்தது, அதற்கு அடுத்த மாதம் மாஸ்டர் வரைந்த படத்தில் அது எங்கே இறங்கியிருக்கிறது என்பது. யாரிடமிருந்து வரவு என்று எழுதிவைத்த கணக்குப் புத்தகம் அது. பள்ளிக்கூடம் அவருடைய நேரத்தைத் தின்றுவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். தின்றும்தான் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பீரியட், அதையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிப் போய்விடுவாராம். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பீரியடைக்கூடத் திருப்பித் தரவில்லை என்றார். வராக்கடனில் எழுதிவிடுங்கள் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சொல்லிக்கொடுப்பதை எப்போதாவது விட்டுவிடத் தோன்றியதா என்று கேட்டேன். ஹான்ஸ் ஹாஃப்மன் என்ற ஓவியரின் கதையைச் சொன்னார். ஹாஃப்மன் 1915-இல் மியூனிக்கில் ஓவியப் பள்ளி தொடங்கி, நியூயார்க்கில் 1958-இல் மூடும்போது அவருக்கு 78 வயது. முழுநேரம் வரைவதற்காக மூடினார். "எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கும்மா" என்றார் மாஸ்டர். அவருக்குப் பிடித்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர் நாற்காலியில் இருந்துகொண்டேதான் 1963-இல் எழுத்தும் குறியீடுமாக நிரம்பிய அந்த ஓவிய வரிசையைத் தொடங்கினார். நாற்காலி யாரையும் தடுக்காது, சோம்பல்தான் தடுக்கும் என்று ஒரு குட்டு வைத்துவிட்டு இழுப்பறையை மூடினார்.

அவர் இன்னும் தினமும் வரைகிறார். காலை ஐந்திலிருந்து ஏழரை. கை இப்போது நடுங்குகிறது. ஒரு கோலை இடது கையில் குறுக்காகப் பிடித்து, அதன்மேல் வலது மணிக்கட்டை ஊன்றிக்கொண்டுதான் பிரஷைப் பிடிக்கிறார். பலகை எழுதிய காலத்துப் பழக்கமாம், ஈர வண்ணத்தில் கை படாமல் இருக்க அப்போது வைத்துக்கொண்ட கோல். பிரஷ் நுனி தாளுக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். அவர் அவசரப்படுவதில்லை. மூச்சை விட்டபடி இறக்குவார். தீற்றல் விழுந்த பிறகு பார்த்தால் அதில் நடுக்கம் தெரியாது. சில நாள் தெரியும். அதையும் முதுகில் எழுதிவைக்கிறார்.

சரி, குறைகள். மாடிப்படி 22, கைப்பிடி கிடையாது, முழங்கால் வலிக்காரர்கள் யோசிக்கவும். எண்ணெய் வண்ணம் தீட்டுகிறவர் இருக்கும் நாளில் டர்பன்டைன் வாடை தூக்கும், இரண்டு சன்னல் போதவில்லை. எனக்கு ஒரு தரம் தலைவலியே வந்தது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் பதில் வராது, மாஸ்டர் பார்ப்பதே இல்லை. வகுப்பு உண்டா இல்லையா என்று போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அக்ரிலிக், டிஜிட்டல் சொல்லித்தர மாட்டார், தெரியாது என்று நேராகவே சொல்லிவிடுவார். சான்றிதழ் கிடையாது.

பாராட்டு என்பது அவரிடம் இல்லவே இல்லை. இதைப் பெரிய குறையாகவே சொல்வேன். கூட இருந்த ஒரு கல்லூரிப் பெண், நல்ல கை, நாலாம் மாதம் நின்றுவிட்டாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருந்திருப்பாள். இதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமாம்" என்றார். அடுத்த வாரம் என் படத்தைப் பார்த்து, "இந்த மூலை பரவாயில்ல" என்றார். முயற்சி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அரை மார்க் படிக்கட்டுக்காக, இன்னொரு அரை அந்தப் பெண்ணுக்காக. மூன்று மாதத்தில் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்பவர்கள் இங்கே வர வேண்டாம், ஏமாந்துபோவீர்கள். பதினொரு மாதத்தில் நான் சட்டம் போட்ட படம் ஒன்றுகூட இல்லை. ஆனால் போன வாரம் பேருந்து வரும் வரை நின்ற நேரத்தில், எதிரே நின்றவரின் வெள்ளைச் சட்டையில் எத்தனை வெள்ளை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு.

வேறு எங்காவது வகுப்புத் தேடுகிறீர்கள் என்றால், சேருவதற்கு முன் ஆசிரியரிடம் இந்த மாதம் என்ன வரைந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பழையதைக் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். ஈரம் காயாத ஒன்றை, அதுவும் தயங்கித் தயங்கிக் காட்டினால் சேர்ந்துவிடுங்கள். உங்கள் தாளில் அவர் கை வைப்பாரா என்பதையும் முதல் நாளே பார்த்துவிடலாம்.

யாராவது சொல்லி இதே மாடிக்குப் போய்ச் சேர்ந்தால்: 6பி பென்சில் இரண்டு, சாதாரணத் தாள் ஒரு கட்டு எடுத்துப் போங்கள். 300 ஜிஎஸ்எம் கனத்த பருத்தித் தாளெல்லாம் அவர் சொன்ன பிறகு வாங்கினால் போதும், நல்ல தாளைப் பார்த்துக் கை பயப்படும் என்பார். ரப்பர் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். டப்பாவில் உறை பிரிக்காத ஒன்று கிடக்கும், அது என்னுடையது.